பேசுவதைவிடக் கேட்பதற்குச் செலவு அதிகம்

கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் உபரிநீர் நாராயணபுரம் ஏரிக்கு வரும், அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போகும். கோவிலம்பாக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு மழைக்காலத்தில் இந்த வழி அத்துப்படி. தண்ணீர் வரைபடம் பார்த்து ஓடுவதில்லை. பக்கத்தில் எது பள்ளம் என்று தெரிந்தால் அதற்குப் போதும். பேட்டரியில் ஓடும் குட்டி சென்சார்கள் செய்தி கடத்துவதும் ஏறக்குறைய இப்படித்தான்.

இதற்கான ரவுட்டிங் முறைக்கு ஆர்.பி.எல். என்று பெயர். இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். 2012-ல் இதை வெளியிட்டது. வெளியுலகத்தோடு இணைந்திருக்கும் கேட்வே கருவி முதலில் தன் தர எண்ணை அறிவிக்கும். அதைக் கேட்ட சென்சார்கள், சிக்னலின் தரத்தைப் பார்த்து, அதைவிடக் கூடுதலான எண்ணைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு தாங்களும் அறிவிக்கும். ஒவ்வொன்றும் தன்னைவிடக் குறைந்த எண்ணுள்ள ஒன்றைத் தாயாக ஏற்று, கைக்கு வந்த செய்தியை அதனிடம் தள்ளிவிடும். தாயின் பேட்டரி தீர்ந்தால் வேறு தாய். ஊர் முழுவதையும் நினைவில் வைக்கத் தேவையில்லை.

வைக்கவும் முடியாது. ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்திய மைக்கா-இசட் சென்சாரில் இருந்தது வெறும் 4 கிலோபைட் ரேம், இரண்டு பென்சில் பேட்டரி. அதன் ரேடியோ சிப் பேசும்போது 17.4 மில்லியாம்பியர் இழுக்கும்; சும்மா காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்க 19.7. அதனால் ரேடியோவைப் பெரும்பாலான நேரம் தூங்கவைக்க வேண்டும், அறிவிப்புகளையும் குறைக்க வேண்டும். 2004-ல் பெர்க்லி ஆய்வாளர்கள் முன்வைத்த டிரிக்கிள் இதற்கு வழி சொன்னது. அக்கம்பக்கத்தில் எல்லாம் மாறாமல் இருந்தால் அறிவிப்பின் இடைவெளி இரட்டிப்பாகிக்கொண்டே போகும். ஏதோ மாறியது தெரிந்த கணமே பழைய குறுகிய இடைவெளிக்குத் திரும்பும். இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான்.

ஆர்.பி.எல். வருவதற்கு முன்பே நம் பக்கத்து மலையில் இந்தச் சவாலை எதிர்கொண்டார்கள். 2005-ல் நிலச்சரிவு உயிர்களைப் பலிகொண்ட மூணாறு அந்தோணியார் காலனியில், அமிர்தா பல்கலைக்கழகத்தினர் மண்ணுக்குள் நீரழுத்தம் அளக்கும் சென்சார்களைப் புதைத்தார்கள். அளவுகள் சென்சாருக்குச் சென்சார் தாவி, வைஃபையில் ஏறி, செயற்கைக்கோள் வழியே கொல்லம் பக்கத்து அமிர்தபுரிக்குப் போயின. 2009 மழைக்காலத்தில் அந்த அமைப்பு எச்சரிக்கையும் கொடுத்தது.

எதிர்த்திசைதான் இன்னும் கடினம். கேட்வேயிலிருந்து குறிப்பிட்ட ஒரு சென்சாருக்குக் கட்டளை போக, வழியிலுள்ள கருவிகள் தங்களுக்குப் பின்னால் இருப்பவற்றின் பட்டியலை வைத்துக்கொள்ளலாம். அது ரேமைத் தின்னும். இல்லையென்றால் கேட்வே முழு வழியையும் செய்தியின் முகப்பிலேயே எழுதி அனுப்பலாம். ஆனால் இந்த ரேடியோவில் ஒரு தடவைக்கு 127 பைட்தான் போகும்; சென்சார் தூரத்தில் இருக்க இருக்க, முகவரிகள் போக மிஞ்சும் இடம் சுருங்கிக்கொண்டே வரும்.