ஒப்பனையற்ற படமே முதல் அறிமுகம்

மாடலிங் தொழிலைப் பற்றி மக்களிடையே வழங்கும் கதைகளில் பெரும்பாலானவை, யாரோ ஒரு முகவர் கூட்டத்தின் நடுவே ஒரு முகத்தைக் கண்டெடுத்ததாகவே தொடங்குகின்றன. விடுமுறை முடிந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த பதினான்கு வயது கேட் மாஸை, 1988இல் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் லண்டனைச் சேர்ந்த ஸ்டார்ம் ஏஜென்சியின் சாரா டூக்காஸ் கண்டார் என்பதும், 1994இல் பிரேசிலின் சாவோ பாலோ நகரத்து வணிக வளாகம் ஒன்றில் ஜிசெல் பூண்ட்ஷென் கண்டறியப்பட்டார் என்பதும் உண்மையே. ஆயினும் இக்கதைகளைச் சொல்வோர் பாதியிலேயே நிறுத்திவிடுகின்றனர். அவ்வாறு கண்டறியப்பட்ட ஜிசெல், 1997இல் லண்டனுக்குச் சென்று 42 ஆடை அணிவகுப்புகளுக்கான தேர்வுகளில் கலந்துகொண்ட பிறகே, ஆடை வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மெக்வீனின் 1998 வசந்தகாலத் தொகுப்பைக் காட்டும் மேடையில் இடம் பெற்றார். மழைபோல் நீர் பொழிந்து வழுக்கிய அந்த மேடையில், மிக உயர்ந்த குதிகால் செருப்புடன் தடுமாறாமல் நடக்கும் திறனே அவரை அங்கே கொண்டு சேர்த்தது. முதல்முறை கண்ணில் படுவதற்கும் முதல் வேலை கையில் கிடைப்பதற்கும் இடையில் உள்ள இந்தத் தொலைவைப் பற்றித்தான் புதிதாக வருவோர் அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மாடலிங் ஏஜென்சி என்பது விளம்பரதாரர்களுக்கும் ஆடை வடிவமைப்பாளர்களுக்கும் மாடல்களை அறிமுகப்படுத்தி, ஊதியம் பேசி, அந்த ஊதியத்தில் ஒரு பங்கைத் தரகாகப் பெறும் முகவர் நிறுவனமாகும். அங்கே புதியவர்களைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் கேட்பது, தொழிலில் ‘போலராய்டு’ என்று பழைய உடனடிக் கேமராவின் பெயராலேயே இன்றும் வழங்கப்படும், ஒப்பனையோ கணினித் திருத்தமோ இல்லாத எளிய படங்களையே. கன்ன எலும்பின் அமைப்பு, கழுத்தின் நீளம், தோள்களின் அகலம், தோலின் இயல்பான நிறம் ஆகியவற்றைப் பார்த்து, இந்த முகத்தை எந்தெந்த விளம்பரங்களுக்கு ஏற்றவாறு மாற்றலாம் என்று கணிப்பதே அவருடைய வேலை என்பதால், ஒப்பனை அதற்கு இடையூறாகிறது. இதை அறியாத இளைஞர்கள், பெருந்தொகை செலவிட்டு, கனத்த ஒப்பனையும் வாடகை நகைகளும் அணிந்து தடித்த ஆல்பம் ஒன்றைத் தயாரித்துக்கொண்டு வருவது வருந்தத்தக்கது. குடும்பத்தார் கடன் வாங்கிக் கொடுத்த பணமாகவும் அது இருப்பதுண்டு.

போலராய்டு எடுப்பதற்கு ஒரு வெற்றுச் சுவரும், சன்னலின் வழியே வரும் பகல் வெளிச்சமும், ஓரளவு நல்ல கைப்பேசியும் போதும். உடல் அமைப்பு தெரியும்படியான, எழுத்தோ படமோ இல்லாத மேலாடையும் இறுக்கமான கால்சட்டையும் அணிந்து, நேர்முகம், பக்கவாட்டு முகம், சற்றே திரும்பிய முகம், முழு உருவம் எனச் சில படங்களும், தலைமுடியைக் கட்டியும் விரித்தும், சிரித்தும் சிரிக்காமலும் வேறு சில படங்களும் எடுக்கப்படுகின்றன. இதில் பலரும் தவறுவது தொலைவில்தான். கைப்பேசியை முகத்துக்கு மிக அருகே பிடித்து எடுக்கும்போது, கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் மூக்கு உள்ளதைவிடப் பெரிதாகவும், தள்ளியிருக்கும் காதுகள் சிறியனவாகவும் பதிந்து, முகத்தின் விகிதமே மாறிவிடுகிறது. ஆகவே படம் எடுப்பவர் சில அடிகள் பின்வாங்கி நின்று, உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸைப் பயன்படுத்துவது நல்லது. முழு உருவப் படத்திலும் கேமரா கண் மட்டத்தில் இருந்தால் கால்கள் குறுகித் தெரியும் என்பதால், இடுப்பு உயரத்தில் பிடித்து எடுப்பதே வழக்கம்.

படங்களுடன் உயரமும், மார்பு, இடுப்பு முதலிய உடலளவுகளும் கேட்கப்படும். இவற்றுள் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ சொல்வதால் பயன் விளைவதில்லை. அணிவகுப்புகளுக்கான மாதிரி ஆடைகள் முன்கூட்டியே ஓர் அளவில் தைக்கப்பட்டிருக்கும். அணிந்து பார்க்கும் நாளில் பொய் வெளிப்பட்டு, வாய்ப்பும் முகவரின் நம்பிக்கையும் ஒருங்கே போய்விடும். ஏஜென்சி ஒருவரை ஏற்றுக்கொண்ட பின்னர், தெரிவுசெய்த நான்கைந்து படங்களையும் இந்த அளவுகளையும் ஒரே தாளில் அச்சிட்டு ‘காம்ப் கார்டு’ என்னும் அறிமுக அட்டையைத் தயாரிக்கும். ‘போர்ட்ஃபோலியோ’ எனப்படும் படத்தொகுப்பு அதற்குப் பிறகே படிப்படியாக வளர்கிறது. புதிய ஒளிப்படக் கலைஞரும் புதிய ஒப்பனையாளரும் புதிய மாடலும், ஒருவருக்கொருவர் கட்டணமின்றித் தத்தம் தொகுப்புக்காகச் சேர்ந்து பணியாற்றும் ‘டெஸ்ட் ஷூட்’ இதற்குச் சிக்கனமான வழி.

பன்னாட்டு அணிவகுப்பு மேடைகள் பெண்களிடம் ஏறத்தாழ 175 சென்டிமீட்டருக்குக் குறையாத உயரத்தை எதிர்பார்க்கின்றன. ஆனால் இத்தொழில் மேடையோடு முடிந்துவிடுவதன்று. தேயிலை, சமையல் எண்ணெய், காப்பீடு, மருத்துவமனை என எதற்கு விளம்பரம் எடுத்தாலும் அதில் தாயும் தந்தையும் பாட்டியும் கல்லூரி மாணவனும் தேவைப்படுகின்றனர். மோதிரத்துக்கும் வளையலுக்கும் கைகளை மட்டுமே காட்டும் மாடல்களும் உள்ளனர். தமிழ்நாட்டில் ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் முகூர்த்த மாதங்களும் பட்டுக்கும் நகைக்கும் தொடர்ந்து விளம்பரங்களைத் தருகின்றன. பட்டுப்புடவைப் படப்பிடிப்பில் முந்தானையின் சரிகையும் கரையும் ஒரே கோணத்தில் ஒளி பெறும்படி கையை உயர்த்தி, கொசுவம் குலையாமல், முகத்தில் களைப்புத் தெரியாமல் நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும். விற்கப்படுவது புடவை என்பதை உணர்ந்து நிற்பவரையே படப்பிடிப்புக் குழு அடுத்த முறையும் அழைக்கிறது.

இங்கே நிறம் பற்றிய ஓர் அநீதியைச் சொல்லாமல் இருக்க முடியாது. தமிழர்கள் வாங்கும் பொருளுக்குத் தமிழர்களின் இயல்பான நிறம் உடைய முகம் பொருந்தாது என்பதுபோல், வெளுத்த முகங்களையே தேடும் பழக்கம் நம் விளம்பரத் துறையில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சென்னையைச் சேர்ந்த விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 2009இல் தொடங்கிய ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கம் இதை வெளிப்படையாக எதிர்த்தது. 2013இல் நடிகை நந்திதா தாஸ் அதன் முகமாக நின்றார். தெற்கு சூடானிலிருந்து அகதியாக லண்டனுக்கு வந்த அலெக் வெக், 1995இல் அங்குள்ள கிறிஸ்டல் பேலஸ் பகுதியில் முகவர் கண்ணில் பட்டு, 1997இல் அமெரிக்க எல் இதழின் அட்டையில் தம் கரிய நிறத்தோடே இடம்பெற்றார். போலராய்டு அனுப்பும்போது நிறத்தை வெளுக்கச் செய்யும் செயலிகளைப் பயன்படுத்துவோர், தம்மைத் தேடக்கூடிய விளம்பரதாரரிடமிருந்து தம்மைத் தாமே மறைத்துக்கொள்கின்றனர்.

‘காஸ்டிங்’ எனப்படும் தேர்வில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. பெயரும் உயரமும் சொல்லி, இருபுறமும் திரும்பிக் காட்டி, சில அடிகள் நடந்து, கேட்டால் ஒரு வசனம் பேசிவிட்டு வெளியேற வேண்டியதுதான். நிராகரிப்புக்கான காரணம் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. மகளாக நடிப்பவரின் முகச்சாயல் தாயாக நடிப்பவருடன் ஒத்துப்போகவில்லை என்பதுகூட அதற்குப் போதுமான காரணம். ஆகவே ஒரு தேர்வில் பெற்ற தோல்வியை அழகுக்குக் கிடைத்த தீர்ப்பாக எடுத்துக்கொள்வது தவறு.

கவனம் பெற வேண்டும் என்னும் இந்த ஏக்கத்தையே மூலதனமாக்கிக்கொள்வோரும் உண்டு. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், தாங்கள் சொல்லும் ஸ்டூடியோவில் மட்டுமே எடுக்க வேண்டிய படத்தொகுப்பு என்று முன்பணம் கேட்பவர், மாடலுக்கு வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சம்பாதித்துவிடுகிறார். நேர்மையான ஏஜென்சி, மாடல் ஈட்டிய பிறகே தன் பங்கை எடுக்கும். 1946இல் ஐலீன் ஃபோர்டும் அவர் கணவர் ஜெர்ரியும் நியூயார்க்கில் தொடங்கிய ஃபோர்டு நிறுவனம், விளம்பரதாரர் பணம் தரத் தாமதித்தாலும் மாடலுக்கு முன்னதாகவே ஊதியம் வழங்கும் முறையைக் கொண்டுவந்து பெயர் பெற்றது. இரவு நேரத்தில் தனியாக விடுதி அறைக்கு வரச் சொல்லும் ‘தேர்வு’ எதுவும் தேர்வே அன்று என்பதையும், பதினெட்டு வயது நிறையாதவருடன் பெற்றோரோ பாதுகாவலரோ இருந்தே ஆக வேண்டும் என்பதையும் இளையோர் உள்ள வீடுகளில் வெளிப்படையாகப் பேசிக்கொள்வது அவசியம்.

முதல் வேலை கிடைத்த மகிழ்ச்சியில் படிக்காமலே கையெழுத்திடப்படும் பகுதி, படத்தின் பயன்பாட்டு உரிமை. ஒரே படம் கடையின் உள்ளே மட்டும் வைக்கப்படுவதற்கும், நெடுஞ்சாலைப் பெரும் பலகையில் ஓராண்டு நிற்பதற்கும் ஊதியம் வேறுபட வேண்டும். எந்த ஊடகம், எந்த நிலப்பரப்பு, எத்தனை மாதம் என்பவை எழுத்தில் இருத்தல் வேண்டும். செயற்கை நுண்ணறிவால் ஒருவரின் உருவத்தை நகலெடுத்து, அவர் அணியாத ஆடையையும் அணிந்ததாகக் காட்ட முடிகிற இக்காலத்தில் இது மேலும் முக்கியமாகிறது. 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த நியூயார்க் மாநிலச் சட்டம், அத்தகைய நகலுக்கு மாடலின் தனியான எழுத்துவழிச் சம்மதத்தையும், அதன் நோக்கமும் ஊதியமும் கால அளவும் குறிக்கப்படுவதையும் கட்டாயமாக்கியுள்ளது. நம் நாட்டில் புதிதாக வரும் மாடல், இவ்விவரங்கள் அனைத்தையும் முதல் ஒப்பந்தத்திலேயே தாமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.