விட்ட காய்ச்சல் திரும்பி வந்தால்...



சளிக்காய்ச்சலை நம் தோட்டங்களில் யாரும் பெரிதாக எடுப்பதில்லை. இரண்டு நாள் படுப்போம், கொத்தமல்லி அவித்துக் குடிப்போம், பேர் போய்விடுமே என்று மூன்றாம் நாள் கொழுந்துக்கோ பால்வெட்டுக்கோ போய்விடுவோம். அநேகம் பேருக்கு அத்தோடு சுகமாகிவிடும். ஆனால் சிலருக்கு நாலைந்து நாள் கழிந்த பிறகுதான் ஆபத்தே வருகிறது. அது ஏன் என்று பார்ப்போம்.

சளிக்காய்ச்சல் வைரஸ் கிருமியால் வருவது. அது தொண்டையோடு நிற்காமல் நெஞ்சுக்குள் இறங்கினால் இரண்டு விதமான கெடுதி உண்டாகலாம்.

முதலாவது, வேறு கிருமி புகுவது. மூச்சுக்குழாயின் உட்தோலை வைரஸ் அரித்துவிடுகிறது. வேலி பிரிந்த மரக்கறித் தோட்டத்தில் பன்றி புகுவது போல, தொண்டையில் சும்மா கிடந்த பக்டீரியாக்கள் நுரையீரலில் இறங்கி நியூமோனியாவை உண்டாக்குகின்றன. 1918இல் உலகமெங்கும் பரவிய இன்புளுவன்சா இலங்கைக்கும் வந்து பல்லாயிரம் பேரைக் கொன்றது. அக்காலத்தில் அந்நோயால் இறந்த 58 பேரின் நுரையீரல் துண்டுகளை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் பக்டீரியா நியூமோனியாவின் அடையாளம் இருந்தது. அன்று பென்சிலின் கிடையாது. இன்று மருந்து இருக்கிறது.

இரண்டாவது, நம் உடம்பே அளவுமீறிப் போராடுவது. புண் ஆறும்போது சிவந்து வீங்குகிறதல்லவா? அதற்கு அழற்சி என்று பெயர். அது அளவோடு இருந்தால் நல்லது. நுரையீரலில் அளவு மீறினால் காற்றுப்பைகளில் நீர் கோர்த்து மூச்சு முட்டும். கொவிட் நோயில் பலருக்கு ஒரு வாரம் கழித்து இப்படித்தான் முற்றியது. டெக்சாமெத்தசோன் என்ற மருந்து இந்த அழற்சியை அடக்கி, செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாக 2020இல் இங்கிலாந்தில் கண்டார்கள். ஒக்சிசன் தேவைப்படாதவர்களுக்கோ அதனால் பயன் இருக்கவில்லை.

ஆகவே ஒன்றுக்கு வேண்டியது கிருமியைக் கொல்லும் மருந்து, மற்றதற்கு வேண்டியது அழற்சியை அடக்கும் மருந்து. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே வரும். எது என்று லயத்தில் இருந்துகொண்டு நாம் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டில் மிஞ்சிய அன்டிபயோட்டிக்கையோ, இழுப்புக்குக் கொடுத்த குளிசையையோ வாங்கிப் போடாதீர்கள். அன்டிபயோட்டிக் வைரஸைக் கொல்லாது.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்க வேண்டாம்:

1. காய்ச்சல் விட்டு, ஓரிரு நாளில் திரும்பவும் அடிப்பது.
2. மூச்சு வாங்குவது, மூச்சிழுக்கும்போது நெஞ்சு குத்துவது.
3. சளி மஞ்சளாகவோ துருநிறமாகவோ இரத்தம் கலந்தோ வருவது.
4. உதடு நீலம் பாய்வது, பேச்சுத் தடுமாறுவது.
5. பிள்ளைக்கு விலாவுக்குக் கீழே குழி விழுவது. ஒரு வயதுக்கு மேல் ஐந்து வயது வரையான பிள்ளை நிமிடத்துக்கு 40 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விடுவது.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மூச்சு முட்டினால் 1990க்கு அழையுங்கள், அம்பியுலன்ஸ் இலவசம். காய்ச்சல் எந்த நாளில் தொடங்கியது, எப்போது விட்டது, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வயதானவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், சீனி வியாதியும் இழுப்பும் உள்ளவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். போன பேரை அடுத்த மாதம் பிடித்துக்கொள்ளலாம். போன மூச்சைப் பிடிக்க முடியாது.