உப்பீனிகளும் ஓசோன் படலமும்

'உப்பீனி' என்னும் சொல் உப்பை ஈன்று தருவது எனப் பொருள்படும். 'ஹாலோஜன்' என்னும் கிரேக்கப் பெயருக்கும் அதுவே பொருள். புளோரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகிய நான்கும் இக்குடும்பத்தின் முக்கிய உறுப்பினர். சோற்றில் இடும் உப்பில் குளோரின் உண்டு. குடிநீரைத் தூய்மையாக்குவதும் அதுவே. அயோடின் குறைந்தால் கழுத்துக் கழலை தோன்றும். இவ்வாறு வீட்டுக்கு வேண்டியவையான இவ்வுப்பீனிகள், வானத்தின் மேற்பகுதியில் ஓசோனைச் சிதைத்தது எவ்வாறு? இதனை அறிதல் ஆசிரியர்க்கு இன்றியமையாதது. ஏனெனில், "ஓசோனில் ஓட்டை விழுந்தமையால் உலகம் சூடாகிறது" என மாணவர் எழுதுவதை இன்றும் காண்கிறோம். அக்கூற்று பிழையானது. அதனைத் திருத்துவதற்கு, மதுரையிற் பிறந்த தமிழர் ஒருவரின் ஆராய்ச்சி பெருந்துணையாகும்.

முதலில் ஓசோன் யாதெனக் காண்போம். நாம் சுவாசிக்கும் பிராணவாயுவின் மூலக்கூற்றில் இரண்டு அணுக்கள் உள்ளன. மூன்று அணுக்கள் கூடினால் அதுவே ஓசோன். 1839-இல் ஷொன்பைன் என்னும் ரசாயன அறிஞர் அதன் நெடியைக் கொண்டு அதனை இனங்கண்டார். தரையருகே ஓசோன் நுரையீரலை வருத்தும் நச்சு. 15 முதல் 35 கிலோமீட்டர் வரையான உயரத்திலோ அதுவே நமக்குக் காவல். கதிரவனின் புற ஊதாக் கதிர்களுள் தீயவற்றை அது தடுத்துவிடுகிறது. அக்காவல் குறையின் தோற்புற்றும் கண்புரையும் மிகும்; பயிரும் நலியும். ஆயினும் வானில் உள்ள ஓசோன் முழுவதையும் கடல்மட்டத்து அழுத்தத்திற்குக் கொணர்ந்து பரப்பினால், ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனமே தேறும்.

இனி ஒரு வினா எழும். கடலெல்லாம் உப்பாக இருக்க, அதன் குளோரின் ஏன் மேலே சென்று ஓசோனை அழிக்கவில்லை? விடை மழையில் உள்ளது. கடலுப்பும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நீரில் எளிதிற் கரைபவை. தெலுக் இந்தானில் பிற்பகலில் கொட்டும் மழை அவற்றைக் கழுவி மண்ணிற் சேர்த்துவிடும். நீரிற் கரையாததும் எதனோடும் எளிதிற் கூடாததுமான குளோரின் சேர்மம் ஒன்று இருந்தால்தான் அது உயரே செல்ல இயலும். அத்தகைய பொருளை மனிதன் செய்தான்.

குளிர்பதனப் பெட்டிகளில் முன்னர் அம்மோனியாவும் கந்தக டையாக்சைடும் பயன்பட்டன. அவை கசிந்தால் உயிருக்கு ஆபத்து. ஆகவே 1928-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்க்லியும் அவர்தம் துணைவரும் குளோரோபுளோரோகார்பன் வகை வாயுக்களை உருவாக்கினர். அவை நஞ்சற்றவை, தீப்பற்றாதவை. இவ்வாயுக்கள் எதனோடும் கூடா என்பதே அவற்றின் சிறப்பாக அன்று கருதப்பட்டது. பின்னர் தீங்கிற்குக் காரணமானதும் அதே இயல்புதான்.

1974-இல் மோலினா, ரோலண்ட் என்னும் அறிஞர் இருவர் இதனை விளக்கினர். இவ்வாயு கீழ்வானில் சிதையாமல் மெல்ல மேலே செல்கிறது. அங்கே வலிய புற ஊதாக் கதிர் தாக்கவே குளோரின் அணு பிரிகிறது. அது ஓசோனிலிருந்து ஓர் அணுவைப் பறித்துக் குளோரின் மோனாக்சைடு ஆகிறது; பிறகு தனித்த பிராணவாயு அணு ஒன்றிடம் அதனைக் கொடுத்துவிட்டு மீண்டும் தனிக் குளோரின் ஆகிறது. தான் அழியாமலே பிறிதோர் ஓசோனை நாடிச் செல்கிறது. இவ்வாறு ஒரு குளோரின் அணு ஏறத்தாழ 1,00,000 ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கக்கூடும் எனக் கணக்கிட்டுள்ளனர். இதே துறையில் உழைத்த குருட்சனுடன் இவ்விருவரும் 1995-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

குடும்பத்தார் நால்வரும் ஒருபடித்தானவர் அல்லர். புளோரின் ஹைட்ரஜனோடு உறுதியாக இணைந்து அடங்கிவிடுவதால் ஓசோனுக்குத் தீங்கு செய்வதில்லை. புரோமின் அங்ஙனம் அடங்குவதில்லை. அணுவுக்கு அணு குளோரினினும் பன்மடங்கு கொடியது. தீயணைப்புக்குரிய ஹாலோன்களும், பூச்சி கொல்லும் மெதில் புரோமைடும் அதனால்தான் தடைக்குட்பட்டன. அயோடின் சேர்மங்களோ பெரும்பாலும் கீழ்வானிலேயே சிதைந்துவிடுகின்றன.

1985-இல் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர், அண்டார்க்டிகாவின் மேல் வசந்த காலத்தில் ஓசோன் பெரிதும் குறைவதாக அறிவித்தனர். அங்கே குளிர்காலத்தில் உருவாகும் பனிமேகத் துகள்களின்மேல், அடங்கியிருந்த குளோரின் விடுபடுகிறது. செப்டம்பரில் கதிரவன் தோன்றியதும் அழிவு விரைகிறது. 'ஓட்டை' என்பது இவ்வாறு மெலிந்த பகுதியே. வானில் விழுந்த துளையன்று.

இனி மதுரையாரிடம் வருவோம். வீரபத்திரன் ராமநாதன் 1944-இல் மதுரையிற் பிறந்தவர். 11 வயதில் குடும்பத்தோடு பெங்களூர் சென்றபோது, தமிழை விட்டு ஆங்கிலத்தில் பயில நேர்ந்தது. ஆசிரியர் சொல்வதைக் கேட்கும் வழக்கம் அற்றுப்போய், தாமே ஆராய்ந்து தெளியும் வழக்கம் ஏற்பட்டதாக அவரே பிற்காலத்திற் கூறியுள்ளார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றபின், செகந்திராபாத்தில் குளிர்பதனப் பெட்டித் தொழிலிற் சேர்ந்தார். அங்கு அவர் ஆராய்ந்தது, வாயு ஏன் கசிகிறது என்பதே. அமெரிக்கா சென்றபின், 1975-இல், அதே வாயு வானில் என்ன செய்யும் எனக் கணக்கிட்டார். பூமி வெளியிடும் வெப்பக் கதிர்களை அது வலிமையாகப் பிடித்து வைக்கிறது என்றும், அதன் ஒரு மூலக்கூறு கரியமில வாயுவின் 10,000 மூலக்கூறுகளுக்கு மேற்பட்ட வெப்ப விளைவைத் தரவல்லது என்றும் காட்டினார். கரியமில வாயுவையே பெரிதும் எண்ணியிருந்த அறிவுலகுக்கு இது புதிய செய்தி.

இதனை மாணவர்க்கு விளக்க ஓர் உவமை உதவும். ஓசோன் நமக்குக் குடை. அது புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. கரியமில வாயு முதலியன போர்வை. அவை பூமியின் சூட்டை வெளியேறவிடாமல் காக்கின்றன. குடை கிழிந்ததால் போர்வை தடிக்கவில்லை, இரண்டும் வெவ்வேறு. ஆனால் குளோரோபுளோரோகார்பன் குடையையும் கிழிக்கும், போர்வையையும் தடிக்கச் செய்யும். இவ்விரு கேடுகளுக்கும் ஒரே வாயு காரணமானதே மாணவர் மயக்கத்திற்கு இடந்தருகிறது.

நம் நாட்டிற்கும் இதில் இடமுண்டு. தெலுக் இந்தான் பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ 4 பாகை வடக்கே உள்ளது. ஓசோனின் பெரும்பகுதி வெப்ப மண்டலத்தின் மேல்வானில் உண்டாகிக் காற்றோட்டத்தால் துருவங்களை நோக்கிச் செல்கிறது. கீழ்வானக் காற்று மேலேறும் வாயிலும் இம்மண்டலமே. கடற்பாசிகள் இயற்கையாக வெளிவிடும் புரோமின் சேர்மங்கள் இவ்வழியே எவ்வளவு மேலே செல்கின்றன என்பதைக் காண, 2011-இல் போர்னியோக் கடற்பகுதியில் கப்பல் கொண்டும், மிரியிலிருந்து புறப்பட்ட விமானம் கொண்டும் விஞ்ஞானிகள் அளவெடுத்தனர்.

1987 செப்டம்பர் 16-இல் மொன்றியல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மலேசியா 1989-இல் அதிற் சேர்ந்தது. வளரும் நாடுகள் 2010-க்குள் குளோரோபுளோரோகார்பன் உற்பத்தியை நிறுத்த வேண்டுமென வகுக்கப்பட்டது. 2022-இல் வெளியான சர்வதேச மதிப்பீட்டின்படி, இவ்விதிகள் தொடர்ந்து காக்கப்படுமாயின், அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் 2066 அளவில் 1980-இன் நிலையை எய்தும். பழைய வாயுக்களுள் சில ஏறத்தாழ நூறாண்டு வானில் நிற்பதே இத்தாமதத்திற்குக் காரணம். அவற்றுக்கு மாற்றாக வந்த ஹைட்ரோபுளோரோகார்பன்களில் குளோரின் இல்லை. ஆகவே குடை கிழியாது. எனினும் அவை போர்வையைத் தடிக்கச் செய்பவை. எனவே 2016-இல் கிகாலியில் கூடிய நாடுகள் அவற்றையும் குறைக்க இசைந்தன.

குளிர்சாதனம் பழுது பார்ப்பவர், வாயுவை வெளியே திறந்துவிடாமல் கலத்திற் சேர்த்தெடுப்பது இவ்விரு கேடுகளையும் குறைக்கும். வகுப்பிலோ, 'ஓசோன் சிதைவு' வேறு, 'புவி வெப்பமாதல்' வேறு எனத் தனித்தனியே எழுதிக் காட்டி, இரண்டையும் இணைக்கும் வாயுவை நடுவே குறித்தால் போதும். செகந்திராபாத்தில் கசிவைத் தேடிய இளைஞர் கண்ட உண்மை, தமிழ்ப் பிள்ளைகளின் மனத்திற் பிழையின்றிப் பதியும்.