சந்திரனில் குடியிருப்பு: ஒரு வரவு-செலவுக் கணக்கு

1972ஆம் ஆண்டு டிசம்பரில் அப்பல்லோ-17 கலத்தில் சென்ற யூஜின் செர்னானும் ஹாரிசன் ஷ்மிட்டும் சந்திரத் தரையில் ஏறத்தாழ 75 மணி நேரம் தங்கினர். அப்பல்லோ பயணிகள் பன்னிருவரில் அங்கு மிக அதிக நேரம் தங்கியவர்கள் இவ்விருவரே. அவர்கள் உண்ட உணவும், அருந்திய நீரும், சுவாசித்த பிராணவாயுவும் பூமியிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டவை. எனவே, மனிதன் சந்திரனில் சில நாட்கள் உயிருடன் இருக்க இயலும் என்பது அன்றே நிரூபணமாகிவிட்டது. அங்கு நிலையாக வாழ இயலுமா என்பது வேறு வினா. பூமியிலிருந்து செல்லும் சரக்கை எவ்வளவு குறைக்க முடியும் என்பதைப் பொறுத்தே அதற்கு விடை கூற முடியும்.

தண்ணீரின் விலை

அண்மை ஆண்டுகளில் ஓர் அமெரிக்கத் தனியார் நிறுவனம் சந்திரத் தரைக்குச் சரக்கு கொண்டு சேர்க்க அறிவித்த கட்டணம், கிலோவுக்கு 12 லட்சம் டாலர். பருகவும் உணவுக்குமாக ஒருவருக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் நீர் என்று மிகச் சிக்கனமாகக் கொண்டாலும், நால்வருக்கு ஓராண்டுக்கு 4,380 லிட்டர் தேவை. இதன் ஏற்றுகூலி மட்டுமே 525 கோடி டாலருக்கு மேல். வருங்காலத்தில் பெரிய ராக்கெட்டுகளால் கட்டணம் பத்தில் ஒன்றாகக் குறைந்தாலுங்கூட எந்த நாட்டின் கருவூலமும் இதை ஆண்டுதோறும் தாங்குவது கடினம்.

பயன்படுத்திய நீரைத் திரும்பப் பெறுவது முதல் வழி. சர்வதேச விண்வெளி நிலையத்தில் வியர்வை, மூச்சுக்காற்றின் ஈரம், சிறுநீர் ஆகியவற்றைச் சுத்திகரித்து 98 சதவீத நீரை மீட்கும் நிலை 2023இல் எட்டப்பட்டது. இம்முறையில் மேற்கூறிய 4,380 லிட்டரில் இழப்பு 88 லிட்டர் அளவே. செலவும் சுமார் பத்தரைக் கோடி டாலராகக் குறையும். இருந்தும், குளிப்பு, பயிர், ராக்கெட் எரிபொருள் என்று தேவை விரியும்போது சந்திரனிலேயே நீர் கிடைத்தாக வேண்டும்.

இங்கு இந்தியாவின் பங்கு சிறப்பானது. 2008 அக்டோபரில் ஏவப்பட்ட சந்திரயான்-1 கலத்திலிருந்த அமெரிக்கக் கருவி, சந்திர மண்ணில் நீரின் அடையாளங்களைக் கண்டது. 2009இல் இது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கா, தென் துருவத்தை அடுத்த கேபியஸ் பள்ளத்தில் ராக்கெட் பகுதி ஒன்றை மோதச் செய்தது. எழும்பிய மண்ணில் எடையளவில் ஏறத்தாழ 5.6 சதவீதம் நீர் இருந்ததாகக் கணக்கிடப்பட்டது. ஒரு டன் மண்ணுக்கு 56 லிட்டர்! ஆனால் அம்மண் சூரிய ஒளியே படாத பள்ளத்தில், மைனஸ் 200 டிகிரிக்கும் கீழான குளிரில் கிடக்கிறது. ஒளியோ பள்ளங்களின் விளிம்பிலுள்ள சிகரங்களில்தான் ஆண்டின் பெரும்பகுதி படுகிறது. நீர் ஓரிடத்திலும் மின்சாரம் மற்றோரிடத்திலுமாக அமைந்திருப்பது திட்டமிடுவோருக்குப் பெரும் இடர்ப்பாடு.

பதினான்கு நாள் இரவு

சந்திரனின் இரவு பூமியின் கணக்கில் சுமார் 14 நாட்கள் நீடிக்கிறது. 2023 ஆகஸ்டு 23 அன்று தென் துருவப் பகுதியில் இறங்கிய சந்திரயான்-3இன் விக்ரமும் பிரக்யானும் தமக்கு இட்ட பணிகளை முடித்து, செப்டம்பர் தொடக்கத்தில் உறக்க நிலையில் வைக்கப்பட்டன. மீண்டும் பொழுது விடிந்தபோது அவை விழிக்கவில்லை. இரவைத் தாங்குமாறு அவை வடிவமைக்கப்படவில்லை. எனவே இதைத் தோல்வி என்பது பொருந்தாது. ஆனால் மனிதர் தங்கும் இடத்தில் மின்சாரம் ஒரு மணி நேரம்கூட நிற்கலாகாது. மின்கலன்கள் மட்டும் இவ்வளவு நீண்ட இரவுக்குப் போதா. ஆகவேதான் அமெரிக்காவும், ரஷ்யாவும் சீனாவும் அங்கு சிறிய அணு உலை அமைப்பது குறித்து ஆராய்ந்து வருகின்றன.

மண்ணே கூரை

காற்று மண்டலமோ காந்தப் புலமோ காவலாக இல்லாததால் கதிர்வீச்சு நேரே தரையை அடைகிறது. 2019இல் சீனாவின் சாங்-4 கலம் அளந்தபடி அது நாளொன்றுக்குச் சுமார் 1.37 மில்லிசீவர்ட். பூமியில் சராசரி மனிதன் ஓர் ஆண்டில் இயற்கையாகப் பெறுவதில் பாதிக்கும் மேல் அங்கு ஒரே நாளில் கிடைத்துவிடும். இதற்கு மருந்து அம்மண்ணிலேயே உள்ளது. இரண்டு, மூன்று மீட்டர் மண்ணைக் கூரையாக மூடினால் பெருமளவு பாதுகாப்புக் கிட்டும்.

அம்மண்ணின் எடையில் நாற்பது சதவீதத்திற்கும் மேல் பிராணவாயு, தாதுக்களுடன் பிணைந்துள்ளது. அதைப் பிரிக்க மிகுந்த வெப்பம் வேண்டுமாதலால் பிரச்சினை மீண்டும் மின்சாரத்திற்கே திரும்புகிறது. மண்ணின் தூசியும் தொல்லை தரும். ஷ்மிட்டுக்கு அது மூக்கடைப்பையும் தும்மலையும் உண்டாக்கியது. 2022இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அப்பல்லோ பயணிகள் கொணர்ந்த மண்ணில் ஒரு சிறு செடியை முளைக்கச் செய்தனர். அது முளைத்தது, ஆயினும் செழிக்கவில்லை.

அடுத்த படி

2040ஆம் ஆண்டுக்குள் இந்தியரைச் சந்திரனுக்கு அனுப்புவது என்ற குறிக்கோளை மத்திய அரசு 2023இல் அறிவித்தது. அதற்கு முன்னர் நீரின் அளவு திட்டவட்டமாகத் தெரிய வேண்டும். இதுவரை கிடைத்தவை தொலைவிலிருந்தும் மோதலின் வாயிலாகவும் பெற்ற மதிப்பீடுகளே. ஜப்பானுடன் இணைந்து மேற்கொள்ளப்படும் சந்திரயான்-5 திட்டத்தின் 250 கிலோ எடையுள்ள ஊர்தி, தென் துருவப் பகுதியில் தரையைத் துளையிட்டு நீர் எவ்வளவு, எந்த நிலையில் உள்ளது என்று ஆராய இருக்கிறது. ஒரு டன் மண்ணிலிருந்து ஒரு லிட்டர் நீரெடுக்க எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்ற கணக்கை அந்த அளவீடுகளைக் கொண்டே போட முடியும்.