உங்களுக்குத் தெரியுமா? இருபது முகப் பகடையும் புதிதாக வந்தவரும்

★ இணையத்தில் நாலைந்து பேர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, "பூதம் வாசலை மறித்து நிற்கிறது, என்ன செய்யப் போகிறாய்?" என்று மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தால், அது அநேகமாக டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஆட்டம்தான். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கியது. 1974-ல் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்தது. மரப்பலகை போல அச்சிட்ட ஒரு பெட்டி, உள்ளே மூன்று சிறு புத்தகங்கள், விலை 10 டாலர். முதலில் போட்டது 1,000 பிரதிகள்தான்.

★ இந்த ஆட்டத்தில் ஜெயித்தவர், தோற்றவர் என்று யாரும் கிடையாது. டன்ஜன் மாஸ்டர் என்பவர் இடத்தையும் சூழலையும் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பதில் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை தீர்த்துவைக்கும். விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் சேர வேண்டும் என்று எண்ணித் தயங்கி நிற்பவர்கள் ஏராளம். அதற்கு அவசியமே இல்லை. "கதவில் காதை வைத்துக் கேட்கிறேன்" என்று சொல்லத் தெரிந்தால் போதும். எந்தப் பகடையை உருட்டுவது, எவ்வளவு விழ வேண்டும் என்பதெல்லாம் மாஸ்டர் சொல்லித் தருவார்.

★ புதியவர்களுக்காக முதன்முதலில் கவலைப்பட்டவர் ஒரு நரம்பியல் மருத்துவர்! 1974-ன் விதிகள் ஏற்கெனவே போர் விளையாட்டுகளில் ஊறியவர்களுக்காக எழுதப்பட்டவை. மற்றவர்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. மருத்துவரும் பேராசிரியருமான ஜே. எரிக் ஹோம்ஸ், தாமே முன்வந்து அவற்றைத் தொடக்கநிலைக்காரர்களுக்கு ஏற்றபடி திருத்தி எழுதித் தந்தார். 1977-ல் வந்த 'பேசிக் செட்' அதுதான். பாத்திரம் படிப்படியாக வளரும் நிலைகளில் முதல் மூன்றுக்கு மேல் அதில் எதுவும் இல்லை. எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதைவிட, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று குழு நடத்துகிறவர்கள் அவரிடம் கற்க வேண்டியது இதைத்தான்.

★ 1983-ல் சிவப்புப் பெட்டியில் வந்த பேசிக் செட் இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் தனியாக உட்கார்ந்து வாசிக்கும் ஒரு சிறு சாகசம் உண்டு. கதையை வாசித்து முடிக்கும்போது பாதி விதிகள் மனதில் பதிந்திருக்கும்.

★ பகடை இல்லாமலே பகடை ஆட்டம்! 1979-ல் பகடைகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பேசிக் செட்டில் எண்கள் அச்சிட்ட அட்டைத் துண்டுகளை வைத்து அனுப்பினார்கள். கத்தரித்து, கோப்பையில் போட்டுக் குலுக்கி, ஒன்றை எடுக்க வேண்டும். ஆகவே பகடைப் பை இல்லையே என்று கூச்சப்பட வேண்டாம். இணைய ஆட்டத்தில் அதற்கும் வேலை இல்லை. 2012-ல் தொடங்கிய ரோல்20 போன்ற தளங்கள் ஒரு சொடுக்கில் உருட்டித் தந்துவிடும்.

★ 4, 6, 8, 12, 20 முகப் பகடைகளை வடிவியலில் பிளேட்டோவின் திண்மங்கள் என்பார்கள். இந்த ஆட்டத்தில் பயன்படும் 10 முகப் பகடை மட்டும் அந்தக் குடும்பத்தில் சேராது.

★ எகிப்தில் டாலமி, ரோமானியர் காலத்திலேயே இருபது முகப் பகடை இருந்திருக்கிறது. கிரேக்க எழுத்துகள் பொறித்த ஒன்றை நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

★ நம் தாயத்தில் ஒன்று விழுந்தால்தான் காய் கட்டத்துக்குள் இறங்கும். இங்கே தலைகீழ்: தாக்கும்போது ஒன்று விழுந்தால் நிச்சயம் குறி தவறும், 20 விழுந்தால் அடிக்கான பகடைகளை இரட்டிப்பாக உருட்டலாம். ஆனால் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஐந்தாம் பதிப்பின் விதிப்படி, பூட்டைத் திறப்பது, மரம் ஏறுவது போன்ற திறமைச் சோதனைகளில் ஒன்று விழுந்தால் தானாகவே தோல்வி என்று கிடையாது. புதியவர் ஒன்று போட்டவுடன் "போச்சு!" என்று கூச்சலிடும் பழைய ஆட்டக்காரர்கள் கொஞ்சம் பொறுக்கலாம்.

★ உயிர்ப்புள்ளி பூஜ்யமானால் கதை முடிந்ததா? இல்லை. தன் முறை வரும்போதெல்லாம் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி. மூன்று தோல்விக்கு முன்னால் மூன்று வெற்றி சேர்ந்துவிட்டால் உயிர் நிலைக்கும். நடுவில் தோழர் ஒருவர் ஓடிவந்து வைத்தியம் பார்த்தாலும் பிழைக்கலாம். முதல் நாளே விழுந்துவிட்டவரிடம் இதை உடனே சொல்லிவிடுங்கள்.

★ இந்தப் பத்தியில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. அடுத்தவருக்குக் கைகொடுப்பதே இந்த ஆட்டத்தில் ஒரு விதி. உங்கள் முறையில் செய்யும் செயலை விட்டுக்கொடுத்து, 'உதவுகிறேன்' என்று சொல்லலாம். உதவி பெறுபவர் இரண்டு பகடை உருட்டிப் பெரிய எண்ணை வைத்துக்கொள்வார். 11 தேவைப்படும் இடத்தில் 50 சதவீதமாக இருந்த வாய்ப்பு 75 சதவீதமாகிவிடும். அனுபவசாலி ஒருவர் புதியவரின் முறையைத் தானே ஆடிக் காட்டுவது பெரிய தவறு. "இதைச் செய், அதைச் செய்யாதே" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னால் வந்தவர் வாயைத் திறக்கவே மாட்டார். முடிவு அவருடையதாக இருக்கட்டும். உங்கள் பங்கு அந்த இரண்டாவது பகடை.

★ நேரில் ஆடும்போது முகத்தைப் பார்த்தே யார் பேச வருகிறார் என்று தெரிந்துவிடும். குரல் அழைப்பில் அது தெரியாது. இருவர் சேர்ந்து பேசத் தொடங்கினால் கூச்சமுள்ளவர்தான் பின்வாங்குவார். அதனால் மாஸ்டர் ஒவ்வொருவரையும் பாத்திரத்தின் பெயரைச் சொல்லி அழைத்துக் கேட்பது நல்லது. கேமரா கட்டாயம் வேண்டாம். பேசத் தயங்குபவர் எழுதிப் பதில் சொல்ல ஒரு இடம் இருக்கட்டும்.

★ ஆட்டம் தொடங்கும் முன்பே ஒரு நாள் கூடிப் பேசுவதற்கு 'செஷன் ஸீரோ' என்று பெயர். எத்தனை மணி நேரம், கதை பயமுறுத்துமா சிரிக்க வைக்குமா, எதைத் தொடவே கூடாது என்றெல்லாம் அன்றே முடிவு செய்துகொள்வார்கள். ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் என்பவர் அறிமுகப்படுத்திய 'எக்ஸ் கார்டு' முறையும் உண்டு. மனம் ஒப்பாத காட்சி வந்தால் அந்த அட்டையைத் தொட்டால் போதும், இணையத்தில் அந்த ஓர் எழுத்தைத் தட்டினால் போதும். காரணம் கேட்காமல் கதையை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள். அறிமுகமில்லாதவர்கள் ஒன்றுகூடும் இடத்தில் இதைவிட மரியாதையான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

★ முதல் பாத்திரமாக எதை எடுக்கலாம்? போர்வீரர். மந்திரவாதி முதல் நிலையிலேயே ஆறு மந்திரங்கள் எழுதிய ஏட்டோடு வருவார். வீரருக்கு வாளும் கேடயமும் போதும். 2014-ன் ஸ்டார்ட்டர் செட்டில் ஆயத்தமாகத் தந்த ஐந்து பாத்திரங்களில் இரண்டு பேர் வீரர்கள்தான்.

★ காசு செலவழிக்க வேண்டாம். அடிப்படை விதித் தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்துவிட்டார்கள். யாரும் இலவசமாக இறக்கிப் படிக்கலாம், நகலெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம். மூலத்தின் பெயரைக் குறிப்பிட்டால் போதும்.

★ குழு நடத்துகிறீர்களா? அடுத்த ஆட்டத்தில் ஓர் இருக்கையைப் புதியவருக்கென்று ஒதுக்கிவையுங்கள். சேர ஆசைப்படுகிறீர்களா? "எனக்கு ஒன்றும் தெரியாது" என்பதை முதல் வாக்கியமாகவே சொல்லிவிடுங்கள். நல்ல குழு என்றால், உங்களுக்குச் சொல்லிக் கொடுக்க அங்கே போட்டி நடக்கும்.