துருவும் பொறுப்பும்

2012-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து ரிச்மண்ட் நகரில், ஷெவ்ரான் எண்ணெய் சுத்திகரிப்புச் சாலையில் ஒரு குழாய் பிளந்தது. சூடான எண்ணெய் ஆவியாகி மேகம்போல் பரவிற்று. அதனுள் அகப்பட்ட 19 தொழிலாளர் உயிர் தப்பியது பெரும் பாக்கியமே. பின்னர் தீப்பற்றி எழுந்த புகையினால் அவதியுற்று, சுமார் 15,000 ஜனங்கள் வைத்திய உதவி நாடினர். எண்ணெயிலுள்ள கந்தகம் குழாயின் உட்சுவரைப் பல வருஷங்களாக அரித்து வந்ததே இதற்குக் காரணம். சிலிக்கன் சத்துக் குறைந்த எஃகை இவ்வரிப்பு விரைவில் தின்றுவிடும். பிளந்தது அத்தகைய எஃகுத் துண்டேயாகும்.

உள்ளே நடக்கும் அரிப்பை வெளியிலிருந்து எவ்வாறு அறிவது? சாரம் கட்டி, குழாயின் மேலுறையை நீக்கி, கருவியை வைத்துச் சுவரின் கனத்தை அளப்பது பழைய முறை. ஓர் அளவுக்கும் மறு அளவுக்கும் இடையே வருஷங்கள் கழிந்துவிடும். இக்குறையைப் போக்கவே குழாயில் நிலையாகப் பொருத்தும் கம்பியில்லா உணர்கருவிகள் தோன்றியுள்ளன. செவிக்கெட்டாத ஒலியலை உட்சுவர் வரை சென்று திரும்பும் நேரத்தைக் கொண்டு இவை கனத்தைக் கணிக்கின்றன. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆராய்ச்சியில் பிறந்த ஒருவகைக் கருவியில், மெல்லிய எஃகுத் தண்டுகள் ஒலியை மட்டும் கடத்தி, நுண்ணிய பாகங்களை உஷ்ணத்தினின்று விலக்கி வைக்கின்றன. ஆகவே கொதிக்கும் குழாயிலும் அது வேலை செய்யும். பாட்டரியின் பலத்தில் பல வருஷங்கள் இயங்கி, அளவுகளை ரேடியோ அலை மூலம் அலுவலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். விஞ்ஞானத்தின் இவ்வுதவியை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆயினும் கருவியே காவலன் என்று எண்ணுவது பேதைமை. கருவி தான் இருக்குமிடத்தை மட்டுமே அறியும். 2019-ம் வருஷம் ஜூன் 21-ந் தேதி பிலடெல்பியா சுத்திகரிப்புச் சாலையில் வெடி விபத்து நேர்ந்தது. அங்கே பக்கத்துக் குழாய்களை அளந்தவர்கள், பிளந்த முழங்கைத் துண்டை அளக்கவில்லை. செம்பும் நிக்கலும் மிகுந்த அந்த எஃகு மற்றவற்றைவிட விரைவாக அரிக்கப்பட்டு, ஓரிடத்தில் 0.012 அங்குலமாகத் தேய்ந்திருந்தது. அச்சாலை பின்னர் அடியோடு மூடப்பட்டது. தொழிலாளர் பிழைப்பும் பறிபோயிற்று.

ரிச்மண்ட் புகட்டும் பாடமோ இதனினும் கசப்பானது. குழாய்த் துண்டுகள் ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டுமென்று அக்கம்பெனியின் நிபுணர்களே விபத்துக்குப் பல வருஷங்களுக்கு முன் சிபார்சு செய்திருந்தனர். அது சரிவர நிறைவேறவில்லை. அன்று கசிவைக் கண்ட பின்னரும் உடனே வேலையை நிறுத்தினாரில்லை. அங்கே குறைந்தது அறிவு அன்று. அறிந்தபடி நடக்கும் துணிவே.

2017-ல் கலிபோர்னியா சர்க்கார் வகுத்த விதிகள், அபாயங்களை ஆராய்வதில் தொழிலாளருக்குப் பங்கும், ஆபத்து வேளையில் வேலையை நிறுத்தக்கோரும் உரிமையும் அளித்தன. இதுவே நேர்வழி. உணர்கருவி அனுப்பும் எண்கள் நிர்வாகியின் மேஜையில் மட்டும் உறங்கலாகாது. குழாயருகே நின்று உழைப்பவனுக்கும் சர்க்கார் பரிசோதகருக்கும் அவை தெரிய வேண்டும். எந்தக் கனத்துக்குக் கீழ் குறைந்தால் சாலையை நிறுத்துவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, லாபநஷ்டம் பாராது நிறைவேற்ற வேண்டும். எச்சரிக்கை கொடுப்பது கருவியின் வேலை. செவிசாய்ப்பது மனிதனின் கடமை.