கழுவெளிக்குப் பறவைகள் வந்தால் போதுமா? மண்வெட்டி எடுத்த தொண்டர்கள்!

மரக்காணம் என்றால் உப்பு. விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில் உள்ள ஊர் இது. எங்கே பார்த்தாலும் பாத்தி பாத்தியாக உப்பளங்கள். வெயில் ஏறினால் கண் கூசும்.

உப்பளங்களை ஒட்டி ஒரு பெரிய ஏரி கிடக்கிறது. அதன் பெயர் கழுவெளி. மழை பெய்தால் உப்பளத்துக்கு விடுமுறை. கழுவெளிக்கோ திருவிழா!

இரண்டு தண்ணீர்

இது ஒரு விசித்திரமான ஏரி. சுற்று வட்டாரத்து ஏரிகள் நிரம்பி வழிந்தால், அந்த நல்ல தண்ணீர் இதில் வந்து சேரும். கடற்பக்கம் முகத்துவாரம் வழியாக உப்பு நீர் ஏறி வரும். இரண்டும் கலக்கும் இடத்தில் இறாலும் சிறு மீனும் பெருகும். இரை இருந்தால் பறவை வராதா? பூநாரை வரும். கூழைக்கடா வரும். குளிர் காலத்தில் மத்திய ஆசியாவில் இருந்து காட்டு வாத்துகள் வரும். அவ்வளவு தூரம் பறந்து வருகிற பறவைக்கு இங்கே தண்ணீர் இல்லை என்றால் என்ன கதி?

ஆகவே ஏரியை மட்டும் காத்தால் போதாது. ஏரிக்குத் தண்ணீர் அனுப்பும் நிலத்தையும் காக்க வேண்டும்.

செம்மண் பொட்டல்

தெற்கே ஆரோவில் மேடு இருக்கிறது. 1968-ல் ஆரோவில் தொடங்கிய போது அது செம்மண் பொட்டல். மழை பெய்தால் தண்ணீர் மண்ணையும் அரித்துக்கொண்டு கடலுக்கு ஓடிவிடும்.

பல நாடுகளில் இருந்து வந்த தொண்டர்கள், உள்ளூர் மக்களோடு சேர்ந்து வரப்பு போட்டார்கள். ஓடைகளில் சிறு அணை கட்டினார்கள். மரக்கன்று நட்டார்கள், ஆடு மாடு மேயாமல் காத்தார்கள். ஓடிய மழை நின்றது. நின்ற தண்ணீர் நிலத்துக்குள் இறங்கியது.

அங்கே பிச்சாண்டிகுளம் என்று ஓர் இடம். பெயரில் குளம் உண்டு, பச்சைதான் இல்லை. 1973-ல் ஆஸ்திரேலியரான ஜாஸ் புரூக்சும் நண்பர்களும் அங்கே வேலையைத் தொடங்கினார்கள். இப்போது அது காடு! மரநாய், முள்ளம்பன்றி எல்லாம் திரும்பி வந்துவிட்டன. மரக்காணம் பக்கத்து நடுக்குப்பத்திலும் அவர்கள் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு மரம் வளர்த்தார்கள்.

உலகப் பட்டியலில்

2021 டிசம்பரில் கழுவெளி பறவைகள் சரணாலயம் ஆனது. பரப்பு 5,151 ஹெக்டேர்; ஏறக்குறைய 12,700 ஏக்கர். 2024 ஆகஸ்டில் அதற்கு 'ராம்சார்' பெருமையும் கிடைத்தது. ராம்சார் என்பது ஈரான் நாட்டில் ஓர் ஊர். நீர்நிலைகளைக் காக்க 1971-ல் அங்கேதான் பல நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்தன.

சரணாலயம் ஆகிவிட்டால், வேட்டைக்காரனைச் சட்டம் பிடிக்கும். சீமைக்கருவேல மரத்தை யார் பிடிப்பது?

அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்த மரம் அது. கழுவெளியின் ஓரங்களிலும் புகுந்திருக்கிறது. ஆடு மாடுகள் அதன் காயைத் தின்னும். விதை சாணத்தோடு விழுந்து முளைக்கும். மேலே வெட்டினால் அடிக்கட்டையில் இருந்து துளிர்க்கும். அதை ஒழிக்க வேண்டுமானால் வேரோடு தோண்ட வேண்டும். ஒரு முறை தோண்டினாலும் தீராது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் போய், முளைத்த கன்றைப் பிடுங்க வேண்டும்.